பல் இல்லாத புத்தகங்கள்

"கடைசியில சொல்லடைவு இருக்கும் பாருங்க. அதுல பல்லுன்னு ஒரு வார்த்தை இருக்கா?"

புத்தகக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க கேட்டது பரிணாமம் பத்தித்தானே மேடம்?"

"பரிணாமம்தான். ஆனா உள்ள பல்லு இருக்கணும். இல்லாட்டி எங்க வீட்டுல எடுபடாது."

பள்ளி நூலகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் அவள். யாருக்கு எந்தப் புத்தகம் ஒத்துவரும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கட்டிய புருஷனுக்கு மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை.

அவர் பல் டாக்டர். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் இந்த நிலைமையில் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள், உயிலைப் பற்றிப் பேசுவார்கள். இவர் பரிணாமம் பற்றி நல்ல புத்தகம் ஒன்று வேண்டும் என்றார்.

"எத்தனை பேருக்குக் கடைவாய்ல கடைசிப் பல்லைப் பிடுங்கியிருக்கேன். இடமே இல்லாத இடத்துல இது ஏன் டாக்டர் முளைக்குதுன்னு கேப்பாங்க. கடவுள் கணக்கு, நமக்குப் புரியாதும்பேன். படிக்கச் சோம்பேறித்தனம் எனக்கு, பழி அவருக்கு. நாளைக்கு அவர் முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது?"

காலையில் எழுந்ததும் கண்ணை மூடிக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர். அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"தெரிஞ்சுக்கிட்டா, இனிமே வர்றவங்ககிட்டயாவது சரியாச் சொல்லலாம்" என்றார்.

இனிமேல் யார் வரப் போகிறார்கள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்குப் பிடித்தது அலைச்சல்.

முதல் புத்தகம் எடுத்த எடுப்பிலேயே கடவுளைத் திட்டியது. "சண்டைக்காரன்" என்று திருப்பி அனுப்பினார். அவருடைய தங்கை ஆசையாகக் கொண்டுவந்தது கடவுளுக்கு வக்காலத்து வாங்கி மற்றவர்களைத் திட்டியது. "இவனும் சண்டைக்காரன்தான். வாயைத் திறக்கச் சொன்னா எதிராளி வாயைக் காட்டுறான்" என்றார். அடுத்ததன் அட்டையில் குரங்கில் தொடங்கி மனிதன்வரை ஒருவர் பின் ஒருவராக நடந்துகொண்டிருந்தார்கள். "என்ன, சினிமா டிக்கெட்டுக்கு வரிசையா? குரங்கு இன்னும் மரத்துலதானே இருக்கு? அது எப்ப நமக்கு வழிவிட்டு ஒதுங்குச்சு?" அதுவும் போயிற்று. அதற்குப் பிறகு வந்தவற்றைப் பின்பக்கமாகவே திறந்தார். பல் இல்லை என்றால் முன்பக்கம் திரும்புவதே இல்லை.

"பொண்ணு பார்க்கப் போனப்பகூட நீங்க இவ்வளவு குறை கண்டுபிடிக்கல" என்று ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொன்னாள்.

"அன்னைக்கு நீ சிரிச்ச. பல்லு தெரிஞ்சுது."

கடைக்காரர் இப்போது நடுத்தரப் பருமனில் ஒரு புத்தகத்தைத் தூசி தட்டி நீட்டினார். "இதுல தாடை, பல்லு, ரெண்டும் இருக்கு மேடம். இதையும் திருப்பிக் கொண்டுவந்தீங்கன்னா நான் கடையையே மூடிடுறேன்."

அவள் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் வாசலிலேயே நின்றாள். "எங்க போனீங்க அண்ணி? அண்ணனுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது."

அவர் கண்ணைத் திறந்து முதலில் புத்தகத்தைத்தான் பார்த்தார். பிடித்துக்கொள்ளக் கையில் பலமில்லை. "இருக்கா?"

"இருக்கு. சாமி புண்ணியத்துல இருக்கு."

"படி."

படித்தாள். ஆதியில் முன்னோர்களின் தாடை பெரிதாக இருந்தது. பச்சையாக, முரட்டுத் தீனியை அரைத்தார்கள். பிறகு நெருப்பு வந்தது, சமையல் வந்தது, உணவு மென்மையானது. தலைமுறை தலைமுறையாகத் தாடை சுருங்கியது. பற்கள் அந்த வேகத்தில் குறையவில்லை.

"இன்னொரு தடவை."

படித்தாள்.

"இன்னொரு தடவை."

"காதுல விழுதா இல்லையா உங்களுக்கு? தொண்டை வத்திப்போச்சு எனக்கு." சொல்லிவிட்டு மறுபடி படித்தாள்.

"கடவுள் அவசரமே படல பாரு" என்றார். "எவ்வளவு பொறுமை. நாமதான் ஒரு வார்த்தையில முடிச்சுட்டோம்."

கூடத்தில் தொலைபேசி அடித்தது. போய் எடுத்தாள். புத்தகக் கடைக்காரர். "மேடம், பரண்மேல இன்னொண்ணு கிடைச்சுது. இதுல பல்லுக்குன்னே ரெண்டு அத்தியாயம். எடுத்து வைக்கவா?"

"இத்தனை நாள் எங்கய்யா வெச்சிருந்தீங்க அதை?" என்று எரிந்து விழுந்துவிட்டு, பாவம் என்று தோன்ற, எடுத்துவைக்கச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது நாத்தனார் அண்ணனுடைய கையைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் மூச்சு அடங்கியிருந்தது.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. நாற்காலிகள் வாசல்வரை வந்தன. ஆளாளுக்கு அவளிடம் வந்து கடவுள் கணக்கு நமக்குப் புரியாது என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சுருக்கென்றது. அவர்கள் அன்பாகச் சொன்னதால் தலையாட்டி வைத்தாள்.

அப்போது ஒரு ஆள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து திருதிருவென்று விழித்தார். கன்னம் பந்துபோல வீங்கியிருந்தது.

"டாக்டர் இருக்காராம்மா? ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

அவள் உள்ளே கை காட்டினாள். அவர் எட்டிப் பார்த்து விறைத்துப்போனார். "ஐயோ, தெரியாதும்மா. மன்னிச்சிருங்க."

"எந்தப் பக்கம்?"

"கீழ, கடைசி. போன வருஷம் மறுபக்கத்துல அவர்தான் எடுத்தார். ஏன் முளைக்குதுன்னு கேட்டேன், கடவுள் கணக்குன்னார்."

"அது அப்ப. இப்ப விஷயம் தெரிஞ்சுக்கிட்டார். நம்ம தாடை நாளடைவுல சின்னதாயிருச்சாம். பல்லு இன்னும் பழைய இடம் இருக்குன்னு நினைச்சு வருது. வர்றவங்ககிட்டச் சொல்லணும்னார்."

"அப்படிங்களா" என்றார் அவர், வலியோடு.

வேறு டாக்டரின் முகவரியை எழுதிக் கொடுத்தாள். உள்ளே போய் ஐஸ் கட்டிகளைத் துவாலையில் சுற்றிக் கொண்டுவந்து அவர் கன்னத்தில் வைத்து, அவருடைய கையாலேயே அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அவருக்குக் கிளம்ப மனமில்லை. நேரே போய்ச் சொந்தக்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டார். துவாலையைக் கன்னத்தில் அழுத்தியபடி, கண்ணில் நீர் வழிய, பேச முடியாமல் நின்ற அந்த ஆளை வருகிறவர்கள் எல்லாம் தோளில் தட்டித் தேற்றிவிட்டுப் போனார்கள். யாரோ எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.