செங்கோடன் கொடுத்தனுப்பிய கேன்

செங்கோடன் தன் விசிட்டிங் கார்டில் ஏழு பதவிகளை அச்சடித்திருந்தார். எட்டாவதற்கு இடம் பற்றாமல் அது பின்பக்கம் போயிருந்தது. அந்தக் கார்டைக் கோயம்புத்தூர் கிட்னி ஸ்பெஷலிஸ்ட் மோகனப்பிரியாவின் மேஜையில் வைத்தார். அவர் அதைப் படிக்காமலே ஓரமாகத் தள்ளிவிட்டு ரிப்போர்ட்டை எடுத்தார்.

பிரஷர் கூடுதல் என்று கிணத்துக்கடவு டாக்டர்தான் இங்கே அனுப்பியிருந்தார். செங்கோடன் ரத்தம் கொடுத்தாயிற்று. ஒரு பகல் ஓர் இரவுச் சிறுநீர் முழுவதையும் பிடித்துவரச் சொல்லி வெள்ளைக் கேன் ஒன்றையும் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கென்று ஒரு கல்யாணத்துக்கு அவர் தலைமை. எட்டுப் பதவிக்காரர் மண்டபத்தில் கேனும் கையுமாகத் திரிய முடியுமா? இந்த மாதிரிச் சங்கடங்களுக்கு அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாரியம்மனுக்கு அவர் வேண்டிக்கொண்டதற்குக் குண்டம் இறங்கித் தீ மிதித்தது டிரைவர் பாலுசாமி. மாலை போட்டுக்கொண்டது செங்கோடன். கேனும் பாலுசாமியிடமே போயிற்று. "எல்லாருக்கும் ஒரே மூத்தரந்தான்டா" என்று விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தார்.

சுவருக்கு அப்பால் டயாலிசிஸ் மெஷின்கள் ஒரே சுருதியில் முனகின. அத்தனை கட்டில் இருந்தும் அங்கே ஆள் சத்தமே கேட்கவில்லை.

"உங்க ரத்தம் நல்லாருக்குதுங்க. யூரின்ல புரதம் கொட்டுது. ரெண்டும் ஒரு உடம்புல இருக்க வழியே இல்லீங்க" என்றார் டாக்டர்.

"மெஷினு பழுதா இருக்குமுங்க அம்மணி."

"ரெண்டு தடவை பாக்கச் சொல்லிட்டேனுங்க. காத்தால மூஞ்சி வீங்குதுங்களா?"

"இல்லீங்க."

சொல்லும்போதே, காலையில் கார்க் கதவைத் திறந்துவிட்ட முகம் நினைவுக்கு வந்தது. கண்கள் இரண்டும் சதைக்குள் புதைந்து கிடந்தன. ராத்திரி ஊத்திப்போட்டு வந்தியாடா என்று திட்டியிருந்தார்.

"செருப்பு இறுகுதுங்களா?"

பாலுசாமி கொஞ்ச நாளாகச் செருப்பு வாரைப் பூட்டாமல் இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தான்.

"படுத்தா மூச்சு முட்டுமே. இப்பிடி இருக்கறவங்க உக்காந்துட்டேதான் தூங்குவாங்க."

கார் சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவனைச் சோம்பேறி என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. செங்கோடனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. டாக்டர் அதில் ஓர் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார வைத்துக்கொண்டிருந்தார். முதலில் முகம். பிறகு கால். இப்போது மூச்சும் வந்துவிட்டது. செங்கோடன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இது உங்களுதுதானுங்களே?"

"பின்னே?" என்றார், மேடையில் பேசுகிற குரலில்.

"அப்படீன்னா இன்னைக்கே அட்மிட் ஆயிருங்க. இப்பிடியே விட்டா இந்த ஆளு ரொம்ப நாள் தாங்க மாட்டாருங்க."

இந்த ஆளு. 'நீங்க தாங்க மாட்டீங்க' என்று டாக்டர் சொல்லவில்லை.

மெஷின்கள் முனகின. செங்கோடனின் வாயிலிருந்து வந்த குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "எம்பட டிரைவரோடதுங்க. வெளிய நிக்கறானுங்க."

பாலுசாமி வந்தான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக் கதவோரமே நின்றான். டாக்டர் அந்த முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, இந்தக் கேனு நீங்க நெரப்புனதுங்களா?"

பாலுசாமி முதலாளியை ஒரு பார்வை பார்த்தான். "அய்யோ, இல்லீங்க. அது எங்க அய்யாவோடதுங்க. நான் தூக்கிட்டு வந்ததோட செரீங்க."

"டேய், நானே சொல்லிட்டேன்டா. உள்ளதைச் சொல்லு."

"எம்புள்ளை மேல சத்தியமுங்க. அய்யாவோடதுதானுங்க."

இத்தனை வருஷமாக ஊரில் தன்னைப் பற்றி நல்லதாகச் சொன்னவர்கள் எல்லாரும் இதே முகத்தோடுதான் சொல்லியிருப்பார்களோ என்று செங்கோடனுக்குத் தோன்றியது. எழுந்து போய் அவன் தோளைப் பிடித்தார். சட்டைக்குள் சதை, ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கியது. முதலாளி முன்னால் உட்கார மாட்டேன் என்றவனை இழுத்துப் போய் மூலையிலிருந்த பரிசோதனைக் கட்டிலில் உட்கார வைத்தார்.

டாக்டர் குனிந்து, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழி நிரம்பவில்லை. விரல் இன்னும் அங்கேயே இருப்பதுபோல் கிடந்தது.

"எத்தனை நாளா இப்பிடி?" என்று கேட்டார் டாக்டர்.

பாலுசாமி தலை நிமிர்ந்து செங்கோடனைப் பார்த்தான்.

"இதுக்கு என்னன்னு சொல்லோணுமுங்க, அய்யா?"