சிவப்புக் கோடு

“திருகாணி தளர்ந்திருக்கும், பிரஷாந்தினி. வேற எப்படிச் சொல்றது?”

“நான் இறுக்கினது தளராது, அக்கா.”

அனுசூயா திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆர்க்டிக் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஓராண்டு கிடந்த கருவி பதிந்த நீரோட்டம் அது. அம்புக்குறிகள் எல்லாம் கரையிலிருந்து ஆழ்கடலை நோக்கிச் சரிந்தோடின. நவம்பரில் ஆறு நாள் மட்டும் அப்படியே தலைகீழ்.

“தண்ணி மேட்டுல ஏறுமா? கருவிதான் திரும்பியிருக்கு. அதை மாட்டினது நீ. ஆகஸ்ட் கப்பலுக்குப் பேர்ப்பட்டியல் மத்தியானம் அனுப்பணும். உன் பேரை எழுதட்டுமா, வேண்டாமா?”

கருவிகளைப் பூட்டிக் கடலில் இறக்கும் வேலையைப் பிரஷாந்தினி பிடிவாதமாகக் கற்றவள். கருவியை மீட்ட அன்று கப்பல் தளத்தில் எடுத்த படத்தைத் தேடிப் பெரிதாக்கினாள். சேறு படிந்த ஆணித் தலையிலிருந்து கருவியின் இரும்புச் சட்டம் வரை ஒரு சிவப்புக் கோடு.

“என்னது இது?”

“கியூட்டெக்ஸ். இறுக்கின பிறகு கோடு இழுத்துவிடுவன். ஆணி கொஞ்சம் அசைஞ்சாலும் கோடு முறியும்.”

“நகப்பூச்சா! ஆர்க்டிக்குக்கே அலங்காரம் பண்ணிட்டியா?”

அனுசூயா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கோடு முறியவே இல்லை.

“அப்ப உப்பையும் சூட்டையும் பாருங்கோ, அக்கா.”

திறந்தார்கள். அதே ஆறு நாளில் உப்பு கூடியிருந்தது. உறைநிலையை ஒட்டிக் கிடந்த வெப்பம் பூச்சியத்தைத் தாண்டியிருந்தது. ஆர்க்டிக்கில் அப்படி உப்பும் கதகதப்புமான நீர் அடி ஆழத்தில்தான் இருக்கும், அட்லாண்டிக்கிலிருந்து வந்து சேர்ந்த நீர்.

“காற்று மேல்மட்டத் தண்ணியைக் கரையை விட்டுத் தள்ளியிருக்கு,” என்றாள் அனுசூயா, தனக்குள் பேசுவதுபோல. “அந்த இடத்தை நிரப்ப அடித்தண்ணி பள்ளத்தாக்கு வழியா ஏறியிருக்கு. ஆறு நாள்.”

பிரஷாந்தினிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த நவம்பரில் அவள் தன் குடியிருப்புப் பகுதியான கோட்-டெ-நெய்ஜில் முதல் பனியை உதறிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருப்பாள். அதே நேரம், ஒரு விளக்கும் இல்லாத இருட்டில், ஒரு கடல் மலையேறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தது அவளுடைய சிவப்புக் கோடு மட்டும்.

அனுசூயாவின் விரல்கள் பேர்ப்பட்டியலின் மேல் இருந்தன. கண்கள் இன்னும் திரையை விடவில்லை.

“அக்கா,” என்றாள் பிரஷாந்தினி மெதுவாக, “அந்தத் தண்ணிக்கு மேல ஒருக்கா நிக்கவேணும். என்ர பேரை எழுதுங்கோ.”