வெள்ளைக் கையுறையும் கருகிய சுவரும்

எங்கள் ஊர் நூலகத்தின் வெளிச்சுவர் முழுக்கக் கருகிய பலகை. தீ விபத்து ஒன்றும் இல்லை, மழையிலும் பூச்சியிலும் கெடாமல் இருக்க நாங்களே எரித்ததுதான். மூன்று பலகைகளைப் புகைபோக்கிபோல் சேர்த்துக் கட்டி அடியில் தீ மூட்டினால் உள்பக்கம் கரியாகும். தண்ணீர் ஊற்றி அணைத்து, கம்பித் தூரிகையால் கரியைத் தேய்த்து எடுத்தால் மரத்தின் வரிகள் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். அந்த வேலைக்கு மேஸ்திரி நான், பெயர் ஓரியே. பெண் மேஸ்திரியா என்று இழுத்தவர்களுக்கெல்லாம் இப்போது பழகிவிட்டது.

பலகை அத்தனையும் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் வளரும் சுகி என்ற ஊசியிலை மரம். ஹமாஜி அக்காவின் வனக் கூட்டுறவுச் சங்கம் அறுத்துக் கொடுத்தது. வாங்க ஆளில்லாமல் மரங்கள் நெருக்கியடித்து நின்றன. இடையிடையே வெட்டிக் களைந்து புதுக்கன்று நட்டால்தான் மலை பிழைக்கும். நூலகத்துக்கு நம் மலை மரம்தான் என்று நகராட்சியில் சண்டை போட்டு ஜெயித்தவள் நான்.

நகராட்சியின் கல்விப் பிரிவு அதிகாரி முரோத்தா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளைகள் சுவரைத் தொட்ட கையோடு புத்தகத்தைத் தொடுவார்கள். அதனால் வெள்ளைக் கையுறை போட்டுத் தேய்த்துப் பார்ப்பார். கரி ஒட்டினால் பலகை எல்லாம் மலைக்கே திரும்பும், அதற்குப் பதில் சுவரில் மரப்படம் அச்சடித்த தகரம் ஏறும். நான் உடனே சரி என்றேன். ஒவ்வொரு பலகையையும் மூன்று தடவை தேய்த்துக் கழுவியவளுக்கு என்ன பயம்?

சோதனை நாளன்று காலை சரியாக ஒன்பது மணிக்கு வந்தார். வாசலோரம் ஒரு தேய் தேய்த்தார். ஐந்து விரலும் கறுப்பு.

 ஹமாஜி அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அப்போதுதான் கதவோரம் சாய்த்திருந்த, கரி படிந்த துடைப்பம் கண்ணில் பட்டது. பார்வையிட ஆள் வந்தால் இடத்தைப் பெருக்கி வைப்பது எங்கள் வழக்கம். என் ஆள் கியோசே மரியாதை மிகுதியில் சுவரையும் சேர்த்துப் பெருக்கியிருக்கிறான், அதுவும் பலகை எரித்த இடத்துத் துடைப்பத்தால். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். அவனைக் கைகாட்டுவது எங்கள் பழக்கமில்லை. மேஸ்திரிதான் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இடுப்பு வளையக் குனிந்தேன்.

"தப்பு என்னுதுங்க சார். எரிச்ச இடத்துத் துடைப்பத்தால சுவரைப் பெருக்கிட்டோம். இது துடைப்பத்துக் கரி, மரத்தோடது இல்ல."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க."

"சொல்லுவாங்கதான். அதனால வாசலோட நிறுத்தாதீங்க. உங்களுக்கு இஷ்டப்பட்ட இடத்துல தேயுங்க. ஒரு இடத்துல ஒட்டினாலும் நானே ஏணி போட்டுக் கழட்டுறேன்."

விடவில்லை மனிதர். புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வடக்குச் சுவர், ஜன்னலடி, மூலை என்று சுற்றினார். பிள்ளைகளின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தும் தேய்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அதற்குள் வாசல் பலகையைக் கழுவித் துடைத்திருந்தோம். அங்கேயும் தேய்த்து, கையுறையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பொட்டுக் கறுப்பு இல்லை. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் வரிகளைத் தடவினார்.

"சிலாம்பு குத்தும்னு நெனச்சேன்," என்றார். "குத்தல."

பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கியோசேவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அந்தத் தைரியத்திலேயே கேட்டுவிட்டேன்.

"அடுத்து தீயணைப்பு நிலையம் கட்டப்போறீங்களாமே சார்?"

முதல் தடவையாக முரோத்தா சிரித்தார். "கருகின கட்டடத்துலயா தீயணைப்பு வண்டியை நிறுத்துறது? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் சார். மேல கரிஞ்ச பலகை லேசுல தீப்பிடிக்காது. நெருப்போட பழகின மரம் அவங்களுக்குத்தான் பொருத்தம்."

அவர் குறிப்பேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, ஹமாஜி அக்காவைப் பார்த்து, மலையில் இன்னும் எத்தனை மரம் களைய வேண்டியிருக்கிறது என்று கேட்டார்.