பிளாஸ்டிக் சுற்றிய நாற்காலி

சிராங்கூன் ரோட்டுப் பல் கிளினிக்கில் டாக்டரம்மாவுக்கு உதவியாக இருந்த பிலோமினம்மாள் வேலையில் மகா சுத்தம். அந்தச் சுத்தமே தம்பி கல்யாணத்துக்கு உலை வைக்கும் என்று அவள் கண்டாளா?

தம்பி பெர்னார்ட் உட்லண்ட்ஸில் பஸ் ஓட்டினான். அருள்ஜோதிக்கும் அவனுக்கும் மாதா கோயில் பூசையில், மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த வாரம், ரத்ததானம் செய்யப் போனான். மஞ்சள்காமாலைக் கிருமி ரத்தத்தில் இருக்கிறது என்றார்கள். ஆள் என்னவோ கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தான். பெண்ணுக்குத் தடுப்பூசி போட்டால் போதும், கல்யாணத்துக்குத் தடையில்லை என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகவே சொன்னார்கள்.

“ஞாயித்துக்கிழமை நானே ஜோதிகிட்ட பக்குவமா சொல்லிடுறேன்கா,” என்றான்.

பாழாய்ப்போன பல்வலி அதற்குள் வந்துவிட்டது. கிளினிக்கில் அவன் எதையும் மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு. விளக்கின் கைப்பிடி, தலை சாய்க்கும் இடம், பொத்தான்கள் என்று டாக்டரம்மாவின் கை படும் இடமெல்லாம் பிலோமினம்மாள் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினாள்.

“நாற்காலிக்கு ரெயின்கோட்டா? மழையே இல்ல லா!” என்று சிரித்தான் பெர்னார்ட்.

கதவு திறந்திருந்தது. வெளியே, சற்று முன் அதே நாற்காலியில் பல்செட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த அந்தோனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அருள்ஜோதியின் அம்மா.

“எனக்கு இதெல்லாம் சுத்தலையே. மாப்பிள்ளைக்கு மட்டும் எதுக்கு?”

பிலோமினம்மாளுக்குப் பொய் வாயில் வரவில்லை.

“டாக்டரம்மா சொன்னாங்க... அதான்...” என்று இழுத்தாள்.

ஏதோ தொற்றுவியாதி என்று அந்தோனியம்மாள் முடிவுகட்ட அந்த இழுப்பே போதுமானதாக இருந்தது. இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. டாக்டரம்மாவே போன் போட்டு விளக்கினார். யார் கேட்டார்கள்? படித்த குடும்பம் வேறு! பெர்னார்ட் அதற்குப் பிறகு பெண் பார்க்கவே சம்மதிக்கவில்லை. அக்காவைக் குறை சொல்லியும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்குத் தேவலை.

மூன்று வருஷம் போயிற்று. யார் ரத்தத்தில் என்ன இருக்கிறதென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, இனிமேல் வருகிற எல்லாருக்கும் சுற்றுங்கள் என்றார் டாக்டரம்மா. பிலோமினம்மாள் மறுபேச்சில்லாமல் சுற்றினாள். அன்று மதியச் சோற்றைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனாள்.

கொஞ்ச நாளில் பாசிர் ரிஸிலிருந்து அருள்ஜோதி வந்தாள். கழுத்தில் தாலி, ஆறு மாத வயிறு. நாற்காலியைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

“எனக்கு ஏதாவது வியாதியா?”

ஒரு காலத்தில் வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டவள், இப்போது எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் மொட்டையாகக் கேட்டாள்.

“இல்லம்மா. இப்ப எல்லாருக்கும் போடுறதுதான்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

அருள்ஜோதி விளக்கின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

“இதை அன்னிக்கே செஞ்சிருக்கக் கூடாதா, அண்ணி?”