மகவின் கையில் ஏறிய மஞ்சள்

மரிபிர்நோங்கு என்னும் ஆறு, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவையும் இறைச்சிக் கூடங்களின் நெடியையும் தன் மேனியில் ஏற்றுக்கொண்டு, அழுக்குச் சுமந்தும் முகஞ்சுளியாத வேலைக்காரியைப் போல, மெல்பேண் மாநகரின் மேற்குப் புறத்தை நனைத்தபடி மெல்ல நடந்துகொண்டிருந்தது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு, இலையுதிர்காலத்துப் பிற்பகல். அவ்வாற்றங்கரைப் புறநகரான புட்சுக்கிரேயின் தகரக் கூரைகளின்மேல் இளவெயில் பழுத்துக் கிடந்தது. வேலியோரங்களில் பூசணிக் கொடிகள் வாடி ஒடுங்க, அவை ஈன்ற சாம்பல்நிறக் காய்கள் கொழுத்த கிடாக்குட்டிகளைப் போல மண்ணில் முதுகு காட்டிக் கிடந்தன. வார்ப்படச்சாலையின் சங்கு ஊதிற்று. கிரேக்கரும் மால்தாவாரும் இத்தாலியருமாய், பேச்சால் வேறுபட்டு வியர்வையால் ஒன்றுபட்ட ஆடவர் வாயிற்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தனர்.

அவர்களுள் கரிபடிந்த கழுத்தும் தளர்ந்த நடையுமாக வந்தவன் குணசீலன். காங்கேசன்துறையில் இரும்புவேலை பழகிக் கடல்கடந்து வந்து, உருகிய இரும்பை அச்சுகளில் வார்க்கும் தொழிலில் அமர்ந்தவன். உலைவாயில் நின்று, கொதிக்கும் இரும்பின் நிறத்தைப் பார்த்தே அது வார்க்கும் பதமா, இன்னும் காய வேண்டுமா என்று சொல்லிவிடுவான். அந்தக் கண்தான், நண்பரே, சில நாட்களாக அவனை உறங்கவிடாமல் வருத்திக்கொண்டிருந்தது. இப்போதுதான் தவழப் பழகியிருந்த மகள் யோகாவின் உள்ளங்கை மஞ்சளாகி வருவதை அதுவே முதலில் கண்டது.

அவனும் அவன் மனைவி திலகமும் மஞ்சளைக் கண்டு நடுங்கியதற்குக் காரணம் உண்டு. யோகாவுக்கு முன், யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்து, அவ்வூரார் செங்கமாரி என்று சொல்லும் மஞ்சட்காமாலை கண்டு, தவழும் முன்னே போய்விட்டது. கைமருந்திலும் பத்தியத்திலும் நாளைக் கழித்து, நோய் முற்றிய பின்னரே அதை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிந்திப் போனதைத் திலகத்தின் நெஞ்சு மறந்தது. வெள்ளுடை உடுத்தவர் கைக்குப் போன பிள்ளை உயிரின்றித் திரும்பியதை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டது.

ஆதலால் யோகாவின் கையில் மஞ்சளைக் கண்டதும், யாரிடமும் கேளாமல் அவள் மீண்டும் பத்தியத்தைத் தொடங்கினாள். எண்ணெய் நின்றது, உப்பு நின்றது, முட்டையும் மீனும் வெண்ணெயும் வாசற்படி ஏறவில்லை. காமாலைக்குக் கைமருந்தான கீழ்க்காய்நெல்லி இந்நாட்டு மண்ணில் தேடியும் அகப்படவில்லை. எஞ்சியது, யோகா முன்பே விரும்பி உண்டதும், உடம்புக்குக் குளிர்ச்சி என்று திலகம் நம்பியதுமான பூசணி ஒன்றே. அதற்கோ குறைவில்லை. அடுத்த வீட்டு அந்தோனியோ என்னும் இத்தாலியக் கிழவர், பிள்ளையுள்ள வீடென்ற பரிவால், தம் கொல்லைக் காய்களை வேலிக்கு மேலாக ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே சாம்பலாய், வெட்டினால் உள்ளே உலைத்தீப்போல் செம்மஞ்சளாய் ஒளிரும் காய்கள். திலகம் அவற்றை வேகவைத்து மசித்துக் காலையும் பகலும் அந்தியும் ஊட்டினாள்; பிள்ளை உண்பதையே தானும் உண்டு பால் கொடுத்தாள். பத்தியம் இறுக இறுக மஞ்சள் ஏறியது. மஞ்சள் ஏற ஏறப் பத்தியம் இறுகியது.

அன்று குணசீலன் வீட்டுக்குள் நுழைந்தபோது, சாளரத்தின் கீழே வெயிலில் அமர்ந்திருந்த யோகா, தந்தையைக் கண்டு இரு கைகளையும் விரித்து நீட்டினாள். உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி யாவும் மஞ்சள். அதனினும் கொடிதாய் அவன் கண்ணில் பட்டது, மடிப்பு மடிப்பாய்த் திரண்டிருந்த தொடைச்சதை வற்றத் தொடங்கியிருந்தமை. கரியைக் கழுவிய கை ஈரம் காயுமுன் அவன், தெருக்கோடியிலுள்ள குழந்தை நல மனைக்குப் பிள்ளையைக் கொண்டுபோவோம் என்றான். திலகம் மகளை வாரி இடுப்பில் ஏற்றிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

“நான் விடமாட்டன். ஒருக்கா நம்பிக் குடுத்தனான். துணியிலை சுத்தித் திருப்பித் தந்தவை.”

அந்தச் சாவைப் பற்றி இதுவரை வாய் திறவாதிருந்த குணசீலன் அன்று திறந்தான்.

“அண்டைக்கு நாங்கள் பிந்திப் போனனாங்கள், திலகம். இண்டைக்கும் பிந்தச் சொல்லுறியோ?”

 அவள் சுவரை விட்டு விலகி, கம்பளித் துணியை எடுத்துப் பிள்ளையைப் போர்த்தினாள்.

“நானும் வாறன். ஆனால் பிள்ளை என்ரை மடியிலைதான் இருக்கும்.”

நல மனையில் இருந்த செவிலி, மாவு பிசையும் பெண்ணுக்குரிய தடித்த கைகளும் கண்டிப்பான வாயும் கொண்ட வெள்ளைக்கார முதியவள். திலகத்துக்கு ஆங்கிலம் தெரியாது. குணசீலனுக்குத் தெரிந்ததோ வார்ப்படச்சாலையில் பொறுக்கிய ஆங்கிலம்; அதில் வசைச்சொற்களைக் களைந்தால் பாதிதான் தேறும். அந்தப் பாதியைக் கொண்டு அவன் தன் அச்சத்தைச் சொன்னான். செவிலி பிள்ளையின் உடையைக் களைந்து எடை பார்த்தாள். சாளர வெளிச்சத்தில் பிடித்து இமையை நீவித் திறந்தாள். வயிற்றை விரல்களால் மெல்ல அழுத்தினாள். பிள்ளை மலம் கழிந்த துணியை அருவருப்பின்றி விரித்து நோக்கினாள். பிள்ளை என்ன உண்கிறது என்று கேட்டாள். பூசணி என்றான். வேறு? பூசணி என்றான். வேறென்ன என்று மீண்டும் கேட்க, பூசணி மட்டுந்தான் என்றான். உடனே அவள் எட்டித் திலகத்தின் கையைப் பற்றி வெளிச்சத்தில் புரட்டினாள். அந்த உள்ளங்கையும் மஞ்சள்! கறிக்கு அரைக்கும் மஞ்சள் ஒட்டியதென்று எண்ணி, நாள்தோறும் பார்த்தும் குணசீலன் பாராமல் விட்ட கை.

செவிலி வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏதேதோ சொன்னாள்.  அதைக் கேட்ட குணசீலன் அங்கிருந்த குழந்தைகளின் குட்டை இருக்கையொன்றில் சரிந்து அமர்ந்து, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரலிடுக்கில் நீர் வழிந்தது. சிரிக்கும் வெள்ளைக்காரியையும் அழும் கணவனையும் மாறிமாறிப் பார்த்த திலகம், பிள்ளையைப் பறித்து மார்போடு இறுக்கினாள்.

“என்ன சொல்லுறா? எவ்வளவு நாள் இருக்குமெண்டு சொல்லுறாவோ? மறைக்காமல் சொல்லுங்கோ.”

“ஒரு நோய் வருத்தமும் இல்லையடி. பூசணிக்காய்.”

“பூசணிக்காயோ?”

“ஓம். நீ பிள்ளைக்குத் தீத்தின பூசணியெல்லாம் தோலிலை வந்து நிக்குதாம். உன்ரை கையையும் பார். செங்கமாரி எண்டால் கண்ணும் மஞ்சளாகுமாம். பிள்ளையின்ரை கண்ணைப் பார், பால் போலை கிடக்கு.”

அவள் பார்த்தாள். புதிதாய் விரிந்த முல்லைபோல் வெண்மை மாறாத அக்கண்கள் இரண்டும் அவளையே நோக்கிக் கொட்டக்கொட்ட விழித்தன. அழத் திறந்த வாயில் சிரிப்பு முந்திக்கொண்டது.

“அந்தக் கிழவன்ரை பூசணிக்காயோ என்னை இந்தப் பாடு படுத்தினது!”

செவிலி அதன்பின் சிரிக்கவில்லை. மஞ்சள் தானாக மெல்ல மறையும், அதனால் கேடில்லை, ஆனால் எண்ணெயும் முட்டையும் பருப்பும் இன்றி வாட்டிய பத்தியமே பிள்ளையின் எடையைத் தின்றது என்று கடிந்தாள். வளரும் உடம்புக்குக் கொழுப்பும் வேண்டும், பலவகை உணவும் வேண்டும், தரையில் தவழ இடமும் வேண்டும்; பூசணி அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும் என்றாள். இறுதியாக, மறுபடி எப்போது மஞ்சளைக் கண்டாலும் அன்றே கொண்டுவர வேண்டும், அது உண்மை நோயாகவும் இருக்கலாம், இங்கே ஒருவரும் பிள்ளையைப் பறிக்க மாட்டார்கள் என்றாள். இதைக் குணசீலன் மொழிபெயர்த்துச் சொல்ல, திலகம் தலையசைத்தாள். மறுநாள் மருத்துவரும் பார்த்து அதையே சொன்னார்.

வீடு திரும்பியதும் வெண்ணெயில் முட்டை பொரியும் மணம் எழுந்தது. யோகா வாயும் மோவாயும் மினுமினுக்க உண்டுகொண்டிருக்கையில், வேலிக்கு மேலே இன்னுமொரு பெருங்காய் எழுந்தது. அதன்பின் அந்தோனியோவின் மலர்ந்த முகம். இனி வேண்டாமென்று சொல்லும்படி திலகம் அடுக்களையிலிருந்து கணவனை ஏவினாள்.

“நீயே வந்து சொல்லு. பிள்ளையை மஞ்சளாக்கினதுக்கு அந்தாளிட்டை நியாயமும் கேள்.”

அவள் வரவில்லை. குணசீலன் அதை இரு கைகளாலும் வாங்கி நன்றி கூறினான். பின்னர் அந்தக் காயை அவன் ஒருவனே தின்று தீர்க்க வேண்டியதாயிற்று.

பனிக்காலம் கழிந்தது. ஆற்றங்கரையில் அந்நாட்டு வேலமரங்கள் கிளைதோறும் மஞ்சட்பூ சுமந்து நின்ற ஒரு காலையில், இளந்தளிர்போல் சிவந்த தன் உள்ளங்கையால் தந்தையின் கரடுபட்ட விரலைப் பற்றிக்கொண்டு, யோகா முதன்முதலாக எழுந்தாள்; பின் அதை விட்டு நடந்தாள். பிள்ளை வளர்ப்போர்க்கு அச்சம் இயல்பே; அந்த அச்சத்தையும் கதவடைத்து வீட்டுக்குள்ளேயே வளர்ப்பதுதான் தீது. பிள்ளையோடு அதையும் தூக்கிக்கொண்டு போய், அறிந்தவர் முன் இறக்கிவைக்க வேண்டும். முன்னம் ஒரு பிள்ளையைக் கொடுத்து இதைக் கற்றவன் குணசீலன். தவழும் முன்னே போன அண்ணனின் நடையையும் சேர்த்து நடப்பவளைப் போல், விழுந்தும் எழுந்தும் முன்சென்ற மகளின் பின்னே, குனிந்த முதுகோடு அவனும் நடந்துகொண்டிருந்தான்.