தண்ணீர்த் தொட்டியில் ஒரு வாய்ப்பு

நாங்கள் சோப்பு செய்த கம்பெனியின் குடிநீர்த் தொட்டியில் பெருச்சாளி ஒன்று செத்து மிதந்தது. பெருச்சாளி என்றால் ஏதோ கையளவு என்று நினைத்துவிடாதீர்கள். கன்றுக்குட்டி நீச்சல் பழகப் போய் மூழ்கியதுபோல் ஊதிக் கிடந்தது. அதன் மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்று குழாய் வழியே டம்ளருக்கு வந்தது. நாற்றம் தாங்காமல் மொட்டைமாடிக் காக்காய்கள் பக்கத்துக் கட்டடத்துக்குக் குடிபோயின.

பூட்டிய மூடியின் ஓட்டை வழியே அதைப் பார்த்தவர் என் அண்ணி. கேன்டீன் சமையல்காரி. சாப்பிட்டவர்களெல்லாம் வாந்தி எடுக்க, பழி அவர் சமையல்மேல் விழுந்திருந்தது. அவரை வேலையைவிட்டு நீக்கும் உத்தரவு எம்.டி.யின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

எம்.டி.யிடம் நேரே சொல்லலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. தகவல் தொடர்பு கற்றுக்கொடுக்க வந்த ஒரு கோட்டுக்காரர் சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார்: அவரவர் மேலதிகாரியிடம் மட்டுமே பேச வேண்டும், 'பிரச்சினை' என்று சொல்லவே கூடாது, 'வாய்ப்பு' என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணி சூப்பர்வைசரிடம் போனார்.

"சார், தொட்டியில பெருச்சாளி செத்து அழுகிக் கெடக்கு."

"ஐயையோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. சிரிச்சுக்கிட்டே நல்லதா சொல்லுங்க."

"சிரிக்க வாயத் தொறந்தா நாத்தம் உள்ள போகுது சார்."

சூப்பர்வைசர் மேனேஜரிடம் போனார். எந்தக் கண்றாவியானாலும் வாசனை தெளித்துவிடுவதால் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் பன்னீர்ச்செம்பு.

"தொட்டியில உயிரினம் சம்பந்தமா ஒரு வாய்ப்பு இருக்கு சார்."

பன்னீர்ச்செம்பு எம்.டி.யிடம் போனார். "நம்ம தண்ணியில இயற்கைச் சத்து கூடியிருக்கு சார்!"

என்றைக்கும் பாட்டில் தண்ணீரே குடிக்கும் எம்.டி., மறுநாள் எல்லோரையும் கூட்டத்துக்கு வரச்சொன்னார். "இயற்கைச் சத்து!" என்று முழங்கி, பழுப்பாய்க் கலங்கிய அந்தத் தண்ணீரை ஒரு டம்ளர் நிறைய மடக் மடக்கென்று குடித்தார். மீசையில் ஒட்டியது அவர் மயிரல்ல. ஸ்டோர்ஸ்காரர்கள் வரிசையில் இருந்த நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பன்னீர்ச்செம்பு கைதட்டினார்.

அடுத்து அண்ணியை நீக்கும் உத்தரவை எடுத்து, எம்.டி. பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அண்ணி வந்தார், ஒரு கையில் உடைத்த பூட்டு, மறு கையில் வாளி. வாளியை மேசைமேல் கவிழ்த்தார். சளக்!

"என்ன எழவும்மா இது?"

"நீங்க குடிச்ச இயற்கைச் சத்து சார்."

எம்.டி. எடுத்த வாந்தியில் எங்கள் கம்பெனி சோப்பு மொத்தத்தையும் கரைத்திருக்கலாம். பாதி பன்னீர்ச்செம்பின் சட்டையில். மீதியைப் பற்றி எழுதினால் நீங்கள் இன்று சாப்பிட மாட்டீர்கள்.

"ஏன்யா, என்கிட்ட யாருமே சொல்லல?"

பன்னீர்ச்செம்பு சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் மின்விசிறியைப் பார்த்தார். எம்.டி. அந்த உத்தரவைக் கிழித்து, அதிலேயே வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க வேலை எங்கயும் போகாதும்மா. இனிமே எதுவானாலும் நேரா என்கிட்டயே சொல்லுங்க."

"ரொம்ப சந்தோஷம் சார்," என்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாவு மூட்டைக்குள்ள கரப்பான்பூச்சி…"

எம்.டி. வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.