வெளியூர் அட்டை

வெர்லின் கூசெராவுக்குப் புத்தகம் படிக்கிற பழக்கமே கிடையாது. டிராக்டர் கையேட்டைத் தவிர வேறெதையும் அவர் முழுசாகப் படித்ததாக அர்னெட் ஊரில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அப்படிப்பட்ட மனுஷன் வருஷா வருஷம் அக்டோபரில் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போய், நகரத்து நூலகத்தில் தன் அட்டையைப் புதுப்பித்துவிட்டு வருகிறார். வெளியூர்க்காரர்களுக்கென்று தருகிற அட்டை. நேரில் போய் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால்தான் இன்னொரு வருஷத்துக்குச் செல்லும்.

பேர்தான் அவருடையது. அட்டை வாங்கியது மகள் ஆட்ராவுக்காக. பதினேழு வயதில் அவள் கோடை தொடங்கி அக்டோபர் அறுவடை வரை சோளக்காட்டில் வேலை பார்த்தாள். வேலை ஓட வேண்டுமென்றால் காதில் ஏதாவது கதை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அர்னெட் நூலகத்தில் இருந்ததோ ஒரே ஒரு அலமாரி கௌபாய் கதைக் குறுந்தகடுகள். அதையும் இரண்டு சுற்று கேட்டு முடித்துவிட்டாள்.

"அப்பா, நகரத்துல வெளியூர்க்காரங்களுக்கும் கார்டு தராங்களாம். போன்லயே ஆயிரக்கணக்குல ஆடியோ புக் வருமாம். ஒரு தடவ போயிட்டு வந்துடலாம்ப்பா."

"காதுல வாங்குறதுக்கு நாலு மணி நேரம் ரோட்டுல போகணுமா? நான் சொல்றத காதுல வாங்க மட்டும் உனக்கு நேரமில்ல."

கிண்டலடித்தாரே தவிர, அந்தச் சனிக்கிழமையே கூட்டிக்கொண்டு போனார். பதினெட்டு ஆகாததால் பெரியவர் பேரில்தான் தர முடியும் என்றார்கள். கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியெல்லாம் அவள் ஒரு கடல் கதையை வண்டி ஸ்பீக்கரில் ஓட விட்டாள். வீடு வந்து சேர்ந்தும், அந்த அத்தியாயம் முடியும்வரை இருவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. வெர்லினின் மனைவி கோனி வெளியே வந்து இடுப்பில் கை வைத்தபடி, "சாப்பாட்டையும் வண்டிக்கே கொண்டு வரட்டுமா?" என்றாள்.

கோனி புற்றுநோயில் போய் மூன்று வருஷமாகிறது. அப்போது ஆட்ரா மூன்று மாநிலங்களுக்கு அப்பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மா இன்றைக்கோ நாளைக்கோ என்ற சேதி கேட்டதும் சரக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பனியில் பதினோரு மணி நேரம் ஓட்டி வந்தாள். உயிர் பிரிந்து நாற்பது நிமிஷம் ஆகிவிட்டிருந்தது. அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லாரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெர்லின் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"கடைசி வரைக்கும் உன் பேரத்தான் சொல்லிட்டிருந்தா. நீ எங்கடி போயிருந்த?"

நரம்பில்லாத நாக்கு பேசிவிட்டது. ஆட்ரா தட்டைக் கீழே வைத்தாள், கோட்டை மாட்டிக்கொண்டாள், போய்விட்டாள். கொஞ்ச நாளில் அவளுடைய போன் எண் மாறியது. அவர் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

அந்த வருஷம் அக்டோபரில், அட்டை காலாவதியாகப் போகிறது என்று நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இனி யாருக்கு என்று சலித்துக்கொண்டே வெர்லின் போனில் நூலக ஆப்பைத் திறந்தார். இரவல் பட்டியலில் மூன்று ஆடியோ புத்தகங்கள் இருந்தன. எடுத்தது முந்தாநாள். அந்த அட்டை எண் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் எடுக்கவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மறுநாள் காலையிலேயே நகரத்துக்குக் கிளம்பினார்.

அதிலிருந்து காலைக் காப்பி அந்தப் பட்டியலோடுதான். தடித்த கொலைக்கதை ஒன்று நாலே நாளில் திரும்பிவிட்டால், தூரத்து லோடு கிடைத்திருக்கிறது என்று கணக்குப் போடுவார். வாரக்கணக்கில் எதுவும் நகராவிட்டால், காய்ச்சலோ விபத்தோ என்று நாளுக்குப் பத்துத் தடவை பட்டியலைத் திறந்து பார்ப்பார். ஆனால் எதையும் தொட மாட்டார். அவர் ஒன்றை எடுத்தால் அது அவள் போனிலும் தெரியும். அப்பன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்த நிமிஷமே ஓடிவிடுவாள். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

போன பிப்ரவரியில் கொலைக்கதைகளுக்கு நடுவே கர்ப்பிணிகளுக்கான புத்தகம் ஒன்று வந்தது. மே மாதத்தில் பிரசவம் பற்றி ஒன்று. வெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். ஜூலையில், பச்சைக்குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி என்று ஒன்று வந்தது. பெற்ற மகளுக்குப் பிள்ளை பிறந்த சேதி ஒரு தகப்பனுக்கு இப்படியா வந்து சேர வேண்டும்!

அன்றைக்குக் கை நிற்கவில்லை. தும்மல் நிற்காத காட்டெருமைக் கன்று ஒன்றைப் பற்றிய படப்புத்தகம் அவர்கள் வீட்டில் இருந்தது. கோனி ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தும்மல் போடுவாள், மடியில் இருக்கிற ஆட்ரா விழுந்து விழுந்து சிரிப்பாள். மேலட்டை கிழிந்து தொங்கும்வரை படித்த புத்தகம். ஆப்பில் தேடினார், இருந்தது. எடுத்தார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வேறு இடமில்லை.

மறுநாள் காலையில் பட்டியலில் எருமைக்கன்று மட்டும் நின்றது. ஆட்ரா எடுத்திருந்த நாலும் கெடு இருக்கும்போதே திரும்பிப் போயிருந்தன. மாதக்கணக்கில் வரிசையில் காத்திருந்த முன்பதிவுகளையும் அவள் ரத்து செய்திருந்தாள். ஒவ்வொன்றாக அழுத்தித்தான் செய்திருக்க வேண்டும்.

"பாவி மனுஷா, பாத்துட்டு சும்மா இருந்திருக்கலாம்ல," என்று கண்ணாடி முன்னால் நின்று தன்னையே திட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் எடுக்கவில்லை.

எருமைக்கன்று இருபத்தொரு நாளில் தானாகவே திரும்பிப் போய்விடும். போன அன்றே மறுபடி எடுப்பார். அவள் எப்போதாவது மனசு மாறித் திறந்தால் பட்டியல் காலியாக இருக்கக் கூடாது.

இந்த அக்டோபரிலும் போனார். முதல் நாள் அட்டை எழுதித் தந்த அதே யோலாண்டாதான் மேசையில் இருந்தாள்.

"வாங்க வெர்லின். ஊரே சோளம் அறுக்குறப்ப உங்களுக்கு மட்டும் லைப்ரரி ஞாபகம் வந்துடுது. இந்த வருஷமாவது ஒரு புக் தொட்டீங்களா, இல்ல வழக்கம்போல எல்லாம் பொண்ணுதானா?"

"தொட்டேன். ஒண்ணு."

"அடேயப்பா! இன்னிக்கே பனி கொட்டப் போகுது. எங்க, காட்டுங்க பாக்கலாம்."

வெர்லின் போனைத் திருப்பிக் காட்டினார். யோலாண்டா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இது குழந்தைங்க புக்காச்சே! அடக் கள்ளா, தாத்தா ஆனத சொல்லவே இல்ல பாத்தீங்களா! பேரனா, பேத்தியா?"

வெர்லின் உரிமத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"தெரியலம்மா," என்றார். "நீ கார்ட ஒரு வருஷத்துக்குப் போட்டுடு."